நெருப்பு இருக்கோ, அண்ணை?

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம். மன்னார் பஸ் நிலையத்துக்கு முன்னால் நடந்துகொண்டிருக்கிறேன். எதிரே ஞானம் வருகிறார். தோளில் பிறிட்ஜுக்கு அடிக்கிற கேஸ் சிலிண்டர்.

என்னைக் கண்டார். ஒரு கணம் நின்றார். பிறகு சட்டென்று திரும்பி, வந்துகொண்டிருந்த ஒரு லொறிக்கு முன்னாலேயே ஓடித் தெருவின் மறுபக்கம் போய்விட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்திலிருந்த கடையின் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். அவர் ஓடியதை நான் காணவில்லை என்று அவர் நினைக்க வேண்டும் அல்லவா...

எங்களுக்குள் சண்டையா? இல்லை. காணித் தகராறா? அதுவும் இல்லை. இந்த ஊரில் எனக்கென்று இருக்கிற ஒரே சிநேகிதன் அவர்தான்.

பிறகு ஏன் ஓடினார்? காரணம் சின்னது. அவர் சிகரெட்டை விட்டவர். நான் விடாதவன்.

இந்தப் பத்திரிகைப் பத்தியை வாரா வாரம் வாசிக்கிற உங்களில் சிலர் இந்த இடத்தில் நெற்றியைச் சுருக்குவீர்கள். 'நீங்கள் சிகரெட் பிடிப்பீர்களா?' ஓம், பிடிக்கிறேன். இதுவரை எழுதியதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

மனிதர்கள் எந்த வயதில் புகைக்கத் தொடங்குகிறார்கள்? மீசை அரும்புகிற வயதில், பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால், தானும் பெரிய ஆள்தான் என்று காட்டுவதற்காக... இப்படித்தானே எல்லோரும் சொல்வார்கள்? என் கதை வேறு. தலை நரைத்து, கண்ணாடி போட்டு, கொலஸ்ட்ரோல் குளிசை விழுங்கத் தொடங்கிய பிறகுதான் நான் முதல் சிகரெட்டைத் தொட்டேன். இந்த வயதில் ஒருவன் தொடங்குவானா? தொடங்குவான். அவனுடைய மனைவி கனடாவுக்குப் போயிருந்தால்.

கமலா போனது மகளின் பிள்ளைப்பேற்றுக்கு. 'பிள்ளைக்குப் பல் முளைக்கட்டும், வாறன்' என்றாள். பல் முளைத்தது. 'நடக்கட்டும்' என்றாள். நடந்தான். அதற்குள் இரண்டாவது பேரன் பிறந்துவிட்டான். இப்போது மறுபடியும் பல் முளைப்பதற்காகக் காத்திருக்கிறோம் — அவள் அங்கே, நான் இங்கே.

குறை சொல்லவில்லை. மகளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? ஆனால் கந்தோரில் வேலை முடிந்து வந்து வாசல் கேற்றைத் திறக்கும்போது, உள்ளே ஒருவரும் இல்லை என்று தெரிந்தும் செருமுகிற ஒரு பழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஏன் செருமுகிறேன்? யாருக்கு அறிவிக்கிறேன்?

என் உத்தியோகம் மொழிபெயர்ப்பு. சிங்களத்தில் வருகிற கடிதங்களைத் தமிழாக்குவேன். தமிழில் வருவதைச் சிங்களமாக்குவேன். நாள் முழுக்க வார்த்தைகளோடுதான் சீவியம். ஆனால் ஒருவரோடும் பேசத் தேவையில்லை.

எங்கள் கந்தோரின் பின்பக்கம் சைக்கிள் நிறுத்துகிற கொட்டில் ஒன்று இருக்கிறது. புகைக்கிறவர்கள் அங்கேதான் கூடுவார்கள். அவர்கள் சிரிக்கிற சத்தம் என் யன்னலால் வரும். என்னதான் சொல்லி இப்படிச் சிரிக்கிறார்கள்? ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையோடு போய் நின்றேன். பேச்சு நின்றுவிட்டது. ஐயா வந்திருக்கிறார்!

கந்தோர் வாகனச் சாரதி ஒருவர்தான் அந்த மௌனத்தை உடைத்தார்.

"ஐயா பிடிக்கிறேல்லையோ? ஒருக்கா இழுத்துப் பாருங்கோ. ஒண்டும் செய்யாது."

ஒன்றும் செய்யாது! உலகத்தில் எத்தனை பேரின் கதை இந்த இரண்டு வார்த்தையில் தொடங்கியிருக்கும்?

இழுத்தேன். இருமினேன். கண்ணால் தண்ணீர் வழிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சாரதி என் முதுகில் தட்டினார். என் முதுகில் ஒரு கை பட்டு எவ்வளவு காலம்... மறுநாளும் நான் கொட்டிலுக்குப் போனது அந்தத் தட்டலுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று. கூட்டத்துக்காகத் தொடங்கியது, கொஞ்ச நாளில் கூட்டம் இல்லாமலே தேவைப்பட்டது. காலையில் பல் துலக்க முன் குசினி யன்னலடியில் ஒன்று. சாப்பிட்ட பிறகு ஒன்று. சாப்பிடப் பிடிக்காவிட்டால் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒன்று. நிக்கொட்டின் விருந்தாளி மாதிரித்தான் வரும். கொஞ்ச நாளில் பார்த்தால் வீட்டுக்காரர் அதுதான், விருந்தாளி நாம்.

கமலாவுக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் முகம் போகிறது, குரல் போகிறது. மணம் போகாது. "மெலிஞ்சு போனியள்" என்பாள். "வெயில்" என்பேன். கமலா, இதை நீ இணையத்தில் வாசிப்பாய். ஏசுவதென்றால் ஏசு. ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டு ஏசு.

சரி, ஞானத்துக்கு வருவோம்.

வீட்டில் எனக்குத் துணைக்கு இருந்த ஒரே சத்தம் பிறிட்ஜின் உறுமல். ஒருநாள் அதுவும் நின்றுவிட்டது. விசாரித்தபோது பேசாலையில் ஒரு நல்ல மெக்கானிக் இருக்கிறார் என்றார்கள். மோட்டார் சைக்கிளில் வந்தார். நாற்பது தாண்டிய, உயர்ந்த, வெயிலில் கறுத்த மனிதர். பிறிட்ஜின் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு சம்பல் போத்தல், பாதி வெங்காயம்.

"அண்ணை, இதுக்குள்ள குளிராக்கிறதுக்கு ஒண்டுமில்லையே!"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "வீட்டில ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டார். சொன்னேன். பிறிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றினார்.

வேலை முடிந்து கேற்றடிக்கு வந்தவர், "அண்ணை, நெருப்பு இருக்கோ?" என்றார். கொடுத்தேன். நானும் ஒன்று எடுத்தேன். மறுநாள் பின்னேரம் மறுபடி வந்தார். கையில் விளைமீன் குழம்போடு ஒரு சாப்பாட்டுப் பெட்டி.

"மனிசி தந்துவிட்டவ. பிறிட்ஜுக்குள்ள வைக்க ஏதும் வேணுமெல்லோ..."

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும். மன்னாரில் வேலை முடித்து பேசாலைக்குப் போகிற வழியில் என் கேற்றடியில் நிறுத்துவார். என்ன பேசினோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கொம்பிரசரைப் பற்றி, கனடாவின் பனியைப் பற்றி, குப்பை வாளியைத் தட்டிவிடுகிற கழுதைகளைப் பற்றி... பெரும்பாலும் ஒன்றும் பேசமாட்டோம். மன்னாருக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சோளகக் காற்று பிடித்துவிட்டால் இங்கே ஒருவன் தனியாக நெருப்புக் குச்சியைப் பற்றவைக்க முடியாது. மற்றவர் கையைக் குவித்து மறைப்புப் பிடிக்க வேண்டும். நான் அவருக்குப் பிடிப்பேன். அவர் எனக்குப் பிடிப்பார்.

அவர் எப்படித் தொடங்கினார் என்று ஒருநாள் கேட்டேன்.

"அப்பாவோட கடலுக்குப் போய்த்தான் அண்ணை. அவருக்கு ரெண்டு கையும் வலையில. ஈரம். நான்தான் சிகரெட்டைப் பத்தி அவற்ற வாயில வைக்கோணும். பத்தேக்க ஒரு இழுவை இழுத்தாத்தானே நெருப்புப் பிடிக்கும்... அந்த ஒரு இழுவைதான். இன்னும் முடியேல்ல."

"அப்பா ஏசேல்லையோ?"

"அவர் கதைக்கிற ஆளில்லை. ஏசவும் மாட்டார், மெச்சவும் மாட்டார். நான் அதை வாயில வைக்கேக்க மட்டும் ஒருக்காத் தலையை ஆட்டுவார்."

ஒரு தலையாட்டல். ஒரு முதுகுத் தட்டல். எதற்காகத் தொடங்குகிறோம் பாருங்கள்!

ஒரு கடையின் மேல்மாடிக்குப் பெட்டிக் குளிரூட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது ஞானத்துக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. படியிலேயே இருந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். இருதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு என்றும், இனி ஒன்று பிடித்தாலும் அது உங்கள் விருப்பம் என்றும் டொக்டர் சொல்லிவிட்டார். 'உங்கள் விருப்பம்' என்று டொக்டர் சொன்னால் அது எவ்வளவு பயங்கரம்!

விட்டார். மடுக் கோயிலுக்குப் போய் மாதாவிடம் நேர்த்தி வைத்து, சிகரெட்டை விட்டார். அது உடைந்தது. மனைவி ரீத்தா அழுதபோது விட்டார். அதுவும் உடைந்தது. எங்கே உடைந்தது? இரண்டு தடவையும் என் கேற்றடியில்தான். "வேண்டாம் ஞானம்" என்று நான் சொல்லாமல் இல்லை. சொன்னேன் — என் கையில் ஒன்று எரிந்துகொண்டிருக்க.

பிறகு ஒரு பின்னேரம் வந்தார். மோட்டார் சைக்கிளால் இறங்கவில்லை. எஞ்சினை நிறுத்தவும் இல்லை.

"அண்ணை, நான் கொஞ்ச நாளைக்கு இஞ்சால வரமாட்டன்."

"ஏன், வேலை கூடவோ?"

"இல்லை... உங்களைக் கண்டா ஒண்டு பத்தோணும் போல கிடக்கு."

நான் சிரித்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பகிடி இல்லை அண்ணை. இந்த ரோட்டுக்குத் திரும்பேக்கயே நெஞ்சு கேக்குது. உங்கட கேற்றைக் கண்டா கை தானாப் பொக்கற்றுக்குப் போகுது. கடைசிப் பிள்ளைக்கு இன்னும் கோயில்ல முதல் நன்மை குடுக்கேல்ல. நான் இருக்கோணும் அண்ணை."

"சரி" என்றேன்.

"கோவமோ?"

"கோவமில்லை. போயிட்டு வாரும்."

போய்விட்டார். எஞ்சின் சத்தம் தேய்கிற வரைக்கும் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

யோசித்துப் பாருங்கள். அவரைப் பொறுத்தவரை நானும் ஒரு சிகரெட். விடவேண்டியவற்றில் ஒன்று. இது யாருடைய பிழை? அவருடையதா? அவருக்கு உயிர் வேண்டும். என்னுடையதா? நான் எந்த மனிதனுக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. ஆனாலும் என்னைக் காண்பது அவருக்குக் கூடாது. மணத்தை அறியக்கூடிய தூரத்தில் எனக்கு இருந்தவர் அவர் ஒருவர்தான். அந்த மணத்தாலேயே அவரும் போனார்.

இரண்டு மூன்று நாள் வெறும் கேற்றைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. நானும் விட்டுவிட்டால்? பிறகு அவர் ஏன் வரக்கூடாது?

விட்டேன். சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது... விட்டேன்! ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள் எனக்கு மறந்துபோயின. ஒரு பந்தியை மொழிபெயர்க்க ஒரு காலை எடுத்தது. வாயில் எந்நேரமும் கராம்பு. கராம்பு உறைத்தால் இனிப்பு ரொபி. இரவில் நித்திரை இல்லை, பகலில் கண் திறக்காது. கந்தோரில் ஒரு பெடிச்சி கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினாள் என்று கத்திவிட்டேன். கமலா அழைத்தபோது, பேரன் அழுகிற சத்தம் தாங்காமல் அழைப்பை வெட்டிவிட்டேன். உடம்பு கேட்பதைக்கூடச் சமாளிக்கலாம். ஆனால் பின்னேரம் ஆறு மணி? அந்த நேரத்தை எந்தக் கராம்பால் நிரப்புவது?

ஆனாலும் விடவில்லை. அதாவது, விட்டதை விடவில்லை. ஒவ்வொரு நாளும் முடியும்போது 'ஞானத்திடம் சொல்லலாம்' என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில்தான் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல சேர்ட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு பேசாலைக்குப் பஸ் ஏறினேன். கோயில் பூசை முடிந்து சனம் வீட்டுக்குப் போகிற நேரம். ரீத்தாதான் படலையைத் திறந்தார். "வாங்கோ அண்ணை, வாங்கோ" என்றார். வாய் அழைத்தது. கண் என் சேர்ட் பொக்கற்றைப் பார்த்தது.

ஞானம் வந்தார். கொஞ்சம் தசை பிடித்திருந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டார்.

"விட்டிட்டன் ஞானம்" என்றேன், இருக்க முன்னமே.

"மெய்யாவோ?"

கிட்ட வந்து குனிந்து என் தோளடியில் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தார்.

"ஓம்... மணம் இல்லை."

சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் குரலில் இன்னொன்றும் இருந்தது. ஏமாற்றம் என்று சொல்லலாமா? எதையோ தேடிக் கிடைக்காத மாதிரி...

ரீத்தா தேத்தண்ணி வைத்தார். குடித்தோம்.

"பிறிட்ஜ் ஓடுதோ?"

"ஓடுது."

"அக்கா எப்ப வாறாவாம்?"

"பல் முளைச்ச பிறகு."

அவ்வளவுதான். பேச்சு முடிந்துவிட்டது. முன்பும் நாங்கள் பேசாமல் நின்றவர்கள்தானே? அந்த மௌனத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. இந்த மௌனத்தில் இரண்டு பேருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஞானத்தின் விரல்கள் மேசை விரிப்பின் ஓரத்தைப் பிய்த்தபடி இருந்தன. நெற்றியில் வியர்வை அரும்பியது. திடீரென்று எழுந்தார்.

"ஏலாது அண்ணை... ஒரு நிமிசம்" என்று வளவுக்குள் இறங்கிப் போய்விட்டார்.

ரீத்தா பின்னால் போனார். வேலியோரமாக அவர் கணவனின் முதுகைத் தடவிக்கொண்டு நிற்பது தெரிந்தது. பிறகு ரீத்தா மட்டும் திரும்பி வந்தார்; கண் கலங்கியிருந்தது.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. நீங்க நல்ல மனுசன். நீங்க விட்டாலும் அவற்ற தலைக்குள்ள இருக்கிற நீங்க இன்னும் விடேல்ல."

"விளங்குது தங்கச்சி" என்றேன். உண்மையாகவே விளங்கியது. அதுதான் கஷ்டம்.

ஞானம் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தார் — இரண்டு அடி தள்ளித் தள்ளி நடந்துகொண்டு. பஸ் வந்ததும் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

மன்னாரில் இறங்கிய நான் நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நிறுத்தத்துக்கு அருகிலிருந்த பெட்டிக்கடையில் ஒரு சிகரெட் வாங்கினேன். காற்று பலமாக அடித்தது. சுவரோடு சேர்ந்து நின்று பற்றவைத்தேன்; குச்சி குச்சியாக அணைந்து, கடைசியில் ஒருவாறு பற்றியது. இத்தனை நாள் விட்டிருந்த ஒன்று இனிக்க வேண்டுமே? இனிக்கவில்லை. தலை சுற்றியது. ஆனாலும் முழுவதையும் பிடித்து முடித்தேன்.

விடுகிறவர்களுக்கு எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். தண்ணீர் குடி, நட, கராம்பைச் சப்பு... சரிதான். ஆனால் ஒருவன் விடும்போது சிகரெட் மட்டுமா போகிறது? அதைப் பிடித்த இடம் போகிறது, நேரம் போகிறது, பக்கத்தில் நின்றவர் போகிறார். அந்த இடத்தில் எதை வைப்பது என்று யாராவது சொல்கிறார்களா? ஞானத்துக்கு ரீத்தாவின் கை இருந்தது. பிள்ளைகள் இருந்தார்கள். விட்டுவிட்டார். ஆண்டவனுக்குத்தான் நன்றி. வெறும் வீட்டுக்குத் திரும்புகிறவன் என்ன செய்வான்?

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் முதலில் சொன்ன பஸ் நிலையச் சங்கதி. அன்று ஆறு மணிபோல வீட்டுக் கேற்றடியில் நின்றுகொண்டிருக்கிறேன். கைத்தொலைபேசி அடித்தது. ஞானம்!

"அண்ணை... இண்டைக்கு பஸ் ஸ்ராண்டடியில என்னைக் காணேல்லையோ?"

"எங்க? இல்லையே. நான் கடையைப் பாத்துக்கொண்டெல்லோ நிண்டனான்."



"அது கலியாணச் சாறிக் கடை அண்ணை."

 கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஞானம், அவ்வளவு பாரத்தோட லொறிக்கு முன்னால ஓடினீரே... நெஞ்சு நோகேல்லையோ?"

"பாத்தீங்களே! அப்ப கண்டிருக்கிறியள்!" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கன நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

"அதைச் சொல்லத்தான் எடுத்தனான் அண்ணை. ஓடினன். மூச்சு இளைக்கேல்ல. அங்கால போய் நிண்டு பாத்தன்... இளைக்கவே இல்லை!"

என்னிடமிருந்து ஓடித் தப்பியபோதுதான் அவருக்குத் தன் நெஞ்சு சுகமாகிவிட்டது என்று தெரிந்திருக்கிறது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் நம்புவீர்களா? நம்புங்கள்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இப்ப கையில இருக்கோ?"

"...ஓம்."

"எப்பிடி இருக்கு?"

தூர தேசத்தில் இருக்கிற சொந்தக்காரரின் சுகம் விசாரிப்பது போலக் கேட்டார். நான் கையைப் பார்த்தேன்.

"நல்லாயில்லை ஞானம். தனியப் பிடிக்கேக்க ஒண்டுமில்லை."

"அப்ப ஏன் அண்ணை பிடிக்கிறியள்?"

கையிலிருந்த சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தேன்.

"இந்த நேரம்தான் எனக்கும் கஸ்ரம்" என்றார். "நாளைக்கும் எடுக்கட்டோ?"

"எடும்."

புதன்கிழமை எடுத்தார். வியாழக்கிழமை எடுக்கவில்லை. வெள்ளியும் இல்லை. அந்த நேரம் அவருக்கு இப்போது அவ்வளவு கஷ்டமாக இல்லை என்றுதானே அர்த்தம்? நல்லது. நல்லதுதான்.

எனக்குத்தான் ஆறு மணி ஏழாவதற்குக் கொஞ்சம் நேரமெடுக்கிறது.